நியூட்ரல்

செம்பூரில் சேட்டு பங்களாவின் சரிவில் அந்த அமெரிக்கக் கார் மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. பேட்டரி செத்துக் கிடந்தது. கை பிரேக் கம்பி அறுந்துபோயிருந்தது. கியர், நிறுத்திய வண்டியின் சக்கரத்தைப் பூட்டிவைக்கும் ‘பி’ என்ற எழுத்தில் மாட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. சக்கரம் பூட்டிக் கிடக்கும் வண்டியைத் தாராவிப் பட்டறைக்கு எப்படி இழுத்துப்போவது? அடியில் புகுந்து, கியர்ப்பெட்டியின் கம்பியைக் கையாலேயே நெம்பி நியூட்ரலுக்குத் தள்ளிவிடலாம் என்றான் பட்டறை மெக்கானிக் இசக்கிப்பாண்டி. தள்ளியதும் உருண்டுவிடுமே! முன்சக்கரத்துக்கு ஒரு பெருங்கல்லை முட்டுக்கொடுத்தான்.

சோறு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி பூமாரி வண்டியை நெருங்காமல் தள்ளியே நின்றாள். உச்சி வேளை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. வண்டியின் டிரைவர் ஆபிரகாம், அவர்கள் சந்துக்காரர். போன மாதம் இதே இடத்தில் வண்டியை நிறுத்திய கையோடு ஸ்டியரிங்கில் சாய்ந்து உயிரை விட்டிருந்தார். அன்றைக்கு மாட்டியதுதான் இந்தக் கியர்.

“வேண்டாங்க. அவுக இன்னும் எறங்கலபோல இருக்கு.”

“செத்த மனுசனா கியரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு? போளா, பைத்தியக்காரி!” சிரித்துக்கொண்டே மல்லாந்து உள்ளே நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

சும்மா நிற்க அவளால் முடியுமா? முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்து வந்திருந்தாள். கிளம்புகிற சக்கரம் முதலில் பழத்தைத்தான் நசுக்க வேண்டும், இடையில் வேறெதுவும் இருக்கலாகாது. ஊரில் எந்த வண்டிக்கும் அப்படித்தான். மூச்சைப் பிடித்துக் கல்லை அப்பால் உருட்டிவிட்டு, டயரை ஒட்டினாற்போலப் பழத்தை வைத்துக் கும்பிட்டாள்.

அடியில் ‘டொக்’ என்றது.

“விழுந்துட்டுளா! நியூட்ரல்!”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, கல்லு! பாய்ந்து இரண்டு கையாலும் பம்பரைத் தாங்கினாள். அவள் தாங்கி நிற்கிற வண்டியா அது! ஆனால் கையில் துளி பாரம் இல்லை.

“வெளிய வாங்க... மொதல்ல வெளிய வாங்க!”

வந்தான். உருண்டு கிடந்த கல்லையும் நசுங்காத பழத்தையும் மாறிமாறிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஜன்னலில் எட்டிப்பார்த்தவன் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். உள்ளே ஆளில்லை. பிரேக் பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

பூமாரிக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. அழுகையோடே கல்லை உருட்டிவந்து சக்கரத்துக்கு மறுபடி முட்டுக்கொடுத்தாள்.

“இவுக வெளிய வந்துட்டாக, அண்ணாச்சி,” என்றாள் வண்டிக்குள் பார்த்து. “இனிமே காலை எடுத்துக்கிடுங்க.”

பெடல் மெதுவாக மேலே வந்தது.