பிறந்த வீட்டுக் கோடி

குளிப்பாட்டி, புருசன் வீட்டுச் சேலையைச் சுற்றி முடித்ததும் பேராச்சி கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"பொறந்த வீட்டுக் கோடிச்சேலை எங்க? அது விழாம பொணத்தை எப்படித் தூக்குவிய?"

சாரல் தூறிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்தவள் மா தின், பர்மாக்காரி. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது புருசன் நல்லக்கண்ணுவோடு காடும் மலையுமாக நடந்து தென்காசி வந்தவள். வழியில் பிடித்த காய்ச்சல், இரண்டு வருசம் கழித்துக் கொண்டுபோய்விட்டது. அவளுக்குக் கோடி போட யார் இருக்கிறார்கள்?

"நாதியத்த பொணம். பாயில சுருட்டிக் கொண்டு போங்க. நம்ம சுடுகாட்டுக்கு வேண்டாம்."

நல்லக்கண்ணுவின் தகப்பன் சுடலையாண்டி, அக்காள் பேராச்சியை முறைத்தார். மகன் கட்டியவளை அவரும் ஒருநாள் மருமகள் என்று கூப்பிட்டதில்லை. யாரையும் நம்பாத மனுசன். ஒரு தேங்காய்க்கு மூன்று கடையில் தட்டிப் பார்ப்பார்.

யுத்தத்துக்கு முன்னே, முப்பத்தெட்டாம் வருசத்தில், மகனை இழுத்துவரக் கப்பலேறி ரங்கூன் போனார். மா தின் முகம் கோணாமல் ஆற்றங்கரைப் பகோடாவுக்குக் கூட்டிப்போனாள். பழங்காலத்துக் கோயில், புத்தரின் முடி உள்ளே இருக்கிறதாம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

"புதுச் செருப்பு. திரும்பி வந்தா இருக்குமா?" என்று நின்றுவிட்டார்.

அவள் சிரித்தாள். செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். தான் பிறந்த கிழமைக்குரிய புத்தருக்குத் தண்ணீர் ஊற்றவென்று வந்தவள். மழை பிடித்துக்கொண்டது. அவர் மகனோடு தங்கக் கோபுரத்தைச் சுற்றி, ஆற்றில் போகும் படகுகளையும் ஆற அமரப் பார்த்துவிட்டு வந்தார். அவள் தெப்பமாக நனைந்திருந்தாள். செருப்பு நனையவில்லை. கும்பிடாமலே அவள் வீடு திரும்பினாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது சுடலையாண்டி எழுந்து பரீது கடைக்குப் போனார். யுத்தகால ரேஷன் துணிக்கார்டை நீட்டிச் சேலை ஒன்று வாங்கினார். வெளியூர்ச் சனம் வருவதுபோலத் தெருமுனையிலிருந்து சேலையை ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஏலே, யாரு வீட்டுக் கோடி இது?" என்றாள் பேராச்சி.

"பொறந்த வீட்டுக் கோடி."

"கூறுகெட்டவனே, நீ மாமனாருல்லா! பொண்ணுக்கு அப்பன்னு நிக்கப் போறியா?"

"நிக்கேன். எவன் கேக்கான்? கேக்கவன் முன்னால வரட்டும்."

ஒருவனும் வரவில்லை. கோடியை அவரே விரித்துப் போர்த்தினார். பிறகு தன் வீட்டு ஆட்களை விட்டு விலகி எதிர்ச்சாரியில், பெண்வீட்டார் நிற்கிற இடத்தில், ஒற்றை ஆளாக நின்றுகொண்டார்.

பெண்வீட்டார் சரி சொல்லாமல் பாடை எழும்பக் கூடாது. நல்லக்கண்ணு கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தான்.

"எடுக்கலாமா?"

"பொறுலே. எம்புள்ளைக்கு என்ன வைத்தியம் பாத்த?"

கூட்டம் அசந்துபோனது. நல்லக்கண்ணு தகப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்கு மூணு வாட்டி தூக்கிட்டுப் போனேன். கொயினா மாத்திரை குடுத்தேன். காய்ச்சல் நிக்கலியே..." கூப்பிய கையை இறக்காமல், "மாமா," என்றான்.

சுடலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தூக்குங்கலே."