ஸ்பேர் சாவி

"ஈஸ்வரி, சாவியக் கொடு ஆத்தா. ஸ்டீயரிங் பூட்டிக்கிட்டுக் கெடக்கு, இதத் திருப்பாம எப்படித் தள்ளுறது?"

சிவனாண்டி கையை நீட்டிக்கொண்டு நின்றார். செத்துப்போன சங்கையாவின் கூடப்பிறந்த தம்பி. கூமாப்பட்டியிலிருந்து விடியுமுன்பே பஸ் பிடித்து வந்திருந்தார். கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் பந்தல்காரனுக்குக் கம்பு ஊன்ற இடமில்லை. வெங்கடேஸ்வரி முந்தானையில் முடிந்துவைத்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்தார். நாலு பேர் பின்னால் கைகொடுத்து, வண்டியை எதிர்ச்சந்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "மைலேஜ் எம்புட்டுக் குடுக்கும் இது?" என்று கேட்டார். எழவு வீட்டில் கேட்கிற கேள்விதான்.

சாவி அவள் கைக்கே திரும்பி வந்தது. மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளே ஐஸ் பெட்டிக்குள் மாமனார் சங்கையா படுத்திருந்தார். தலைமாட்டில் மாமியார் சண்முகத்தாய். கால்மாட்டில் நாத்தனார் முத்துப்பேச்சி தலைவிரிகோலமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைச் சுற்றி ஊதுபத்திப் புகையும் வாடிய மாலையின் நெடியும்.

"காரு வாங்கி நிறுத்துனியே எங்கப்பா, கடைசி நேரம் காரு உனக்கு உதவலையே எங்கப்பா, ஓட்டத் தெரியாத கையில சாவியக் குடுத்தியே எங்கப்பா..."

சுற்றி இருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வெங்கடேஸ்வரியைப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து இப்படித்தான் பார்க்கிறார்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் வேலையாக இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "மாமாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு, கார எடுக்கேன்" என்றாள். ஹரிகிருஷ்ணன், "காரத் தொடாத. ஆட்டோவப் பிடி" என்று சொல்லி வைத்துவிட்டான். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகியும் தன் மேல் நம்பிக்கை இல்லை என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அதற்குள் மாமனாரே பட்டாபட்டி டிரவுசர் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் அழுத்திவிட்டார். "எடு தாயி, நீ நல்லா ஓட்டுவ" என்றார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பின் சீட்டில் அவரைச் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முனகியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். சாவிப் படம் போட்ட விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. கியர் சரியாக இருக்கிறதா, கிளட்சை மிதித்தோமா என்று தன்னையே சந்தேகப்பட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பின்னால் அவருக்கு மூச்சு இரைக்கும் சத்தம். கடைசியில் தெருமுனைக்கு ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்து, தென்காசி ரோட்டு நெரிசலைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது, டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்மா" என்றார்.

அந்தக் கொஞ்சம் முந்தியைத்தான் இப்போது ஊரே அவள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரியெல்லாம் அவளும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரை மில்லிலிருந்து ரிட்டயர் ஆன காசில் செகண்ட்ஹேண்டாக வாங்கினார் சங்கையா. ஒரே சாவிதான் வந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார், சாவியை மட்டும் விடவில்லை. சாயங்காலமானால் வாசலில் நின்று பட்டனை அமுக்குவார். கார் கீக்கென்று கத்தி விளக்கைச் சிமிட்டும். அதில் அவருக்கு ஒரு திருப்தி. மகன் சாவி கேட்டால் எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று நூறு கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார். ஒருமுறை பம்பரை நசுக்கிக்கொண்டு வந்தவன் ஆயிற்றே.

வெயில் ஏறியது. கொட்டுக்காரர்கள் வாசலில் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடேஸ்வரி டீ குடித்துப் போட்ட பேப்பர் கப்புகளைப் பொறுக்கி, எதிர்ச்சந்தில் இருக்கும் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கே கார் நின்றது. கண்ணாடிகளெல்லாம் மூடிக்கிடந்தன. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. கிட்டப் போனபோதுதான் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். சாவி முடிச்சிலேயே இருந்தது.

கதவைத் திறந்தாள். ஹரிகிருஷ்ணன் சீட்டைச் சாய்த்துப் போட்டுப் படுத்திருந்தான். போன் சார்ஜில் கிடந்தது.

"ஏட்டி, கதவச் சாத்து. ஏசி வெளிய போகுது" என்றான்.

"இது ஏது சாவி?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஸ்பேரு."

"எப்பப் போட்டீங்க?"

"போன மாசம், வில்லிபுத்தூர்ல. வண்டியக் கழுவிட்டு வாரேன்னு எடுத்துட்டுப் போனேன்ல, அன்னைக்கு. ஷோரூம்ல வாய் கூசாம கேக்கான். இவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டுல வச்சே போட்டுத் தாரான், கால்வாசிக் காசுதான். ஒவ்வொரு தடவையும் அப்பாகிட்ட கையேந்தி நிக்க முடியுமா?"

"அப்ப மாமா சாவி ஏன் ஓடல?"

அவன் ஸ்டீயரிங் உறையை நகத்தால் சுரண்டினான். "சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்கு, அத வண்டி அடையாளம் கண்டாத்தான் இன்ஜின் பிடிக்கும். புதுசுக்குக் கோடிங் போட்டா பழசு அழிஞ்சிரும். அதையும் திரும்ப ஏத்தணும்னா தனியா ஐநூறு கேட்டான். அப்பா இனி எங்க வண்டி எடுக்கப் போறாவ? பட்டன அமுக்குனா கதவு தெறக்கும், சத்தம் கேக்கும். அவியளுக்கு அது போதும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு வரும்போது அவன் பால்கோவா வாங்கி வந்திருந்தான். மாமனார் இலையை வழித்து வழித்துத் தின்றார். அவளும்தான் விரலைச் சூப்பினாள். அந்தத் தித்திப்பு இப்போது தொண்டையில் ஏறி வந்தது. சாக்கடையோரம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். கடுகு போன இடம் தேடுவான், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். இவனுக்குத் தெரிந்தே போயிருக்கிறது.

"நேத்து போன்ல சொல்லியிருக்கலாமே, அந்தச் சாவி ஓடாதுன்னு."

"காரத் தொடாத, ஆட்டோவப் பிடின்னு சொன்னேன்ல? நீதான் கேக்கல."

அவள் அவனையே பார்த்தாள். ஷேவ் செய்யாத முகம், அழுது வீங்கிய கண். அழுததும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"இத இப்பம் வெளிய விட்றாத" என்று குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். நாலு நாளு உன்னையப் பேசுவாக, பொறவு மறந்துருவாக. பொம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னா அது ஒரு குத்தமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் கையிலிருந்த கப்புகளைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

பதினோரு மணிக்கு நீர்மாலை எடுக்கக் கிளம்பினார்கள். மகன் குளித்து, ஈரவேட்டியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் தூக்க வேண்டும். ஹரிகிருஷ்ணன் சட்டையைக் கழற்றி, போன், வாட்ச் எல்லாவற்றையும் அதற்குள் சுருட்டி அவளிடம் கொடுத்தான். "பத்திரம்" என்றான், அவள் கண்ணைப் பார்க்காமல். கொட்டும் சங்கும் முன்னே போக, ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். தெரு திடீரென்று அமைதியானது.

சட்டைப் பையில் சாவி கனத்தது. பிளாஸ்டிக் பளபளப்புக்கூடக் குறையவில்லை.

சண்முகத்தாய் பெட்டிக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே சொன்னாள், யாரிடமோ சொல்வது மாதிரி. "மொதல்லயே ஒரு ஆட்டோவக் கூப்பிட்டிருந்தா அவிய இருந்திருப்பாவ."

"அவளுக்கு காரு ஓட்டுற மெதப்பு. எங்கப்பா உசுரு போச்சு" என்றாள் முத்துப்பேச்சி.

வெங்கடேஸ்வரி எழுந்தாள். "அத்த, மதினி, செத்த நேரம் வெளிய வாங்க."

"இப்பம் எதுக்குட்டி?"

"வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, இருவரும் எழுந்தார்கள். பின்னாலேயே மற்ற பெண்களும் பந்தலுக்கு வந்து நின்றார்கள். வெங்கடேஸ்வரி எதிர்ச்சந்துக்குப் போய்க் கார்க் கதவை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். இன்ஜின் முனகியது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் முனகல்தான்.

"இது நேத்து மாமா என் கையில குடுத்தது" என்றாள்.

அதை உருவிவிட்டுப் புதுச் சாவியைப் போட்டாள். ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது.

"இது உங்க தம்பி சட்டைப் பையில இருந்தது, மதினி."

முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே வந்தாள். "இந்த வண்டிக்கு ஒரு சாவிதான? இன்னொண்ணு எங்க இருந்து வந்துச்சு?"

"வில்லிபுத்தூர்ல போட்டாராம், போன மாசம். புதுசு போட்டதுல மாமா சாவி செத்துப்போச்சு. அது தெரிஞ்சும் நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல."

சண்முகத்தாய் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடேஸ்வரி இறங்கி வந்து பெண்களோடு நின்றுகொண்டாள்.

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஹரிகிருஷ்ணன் முன்னால் வந்தான். தோளில் குடம், இடுப்பில் ஈரவேட்டி. சந்தில் ஆளில்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரை அவன் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான்.

குடத்தை இறக்கி வாங்க வேண்டியவள் கூடப்பிறந்தவள். முத்துப்பேச்சி வாசலில்தான் நின்றாள். கையை நீட்டவில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பி அவன் நெஞ்சில் வழிந்துகொண்டிருந்தது.