மேல்பாதி இருட்டு

பூதலிங்கத்துக்கு வளைந்துகொடுக்கத் தெரியாத விஷயம் இரண்டு: குடும்பப் பேர் ஒன்று, கேமரா ஒன்று. "வெளிச்சத்தை லென்ஸிலேயே பிடிக்கணும். கம்ப்யூட்டர்லே பூசி மெழுகுறது பவுடர் போடுற வேலையாக்கும்" என்பார்.

காலமான தம்பியின் மகள் திவ்யலட்சுமிக்கு அவருடைய ஸ்ரீவராகம் வீட்டில் நிச்சயதார்த்தம். வெளி ஆள் வேண்டாம் என்று படமெல்லாம் அவரே எடுத்தார். ஃபோனைத் தூக்கிய இளவட்டங்களை அதட்டி உட்காரவைத்தார். எடுத்ததைத் திரையில் எட்டியெட்டிப் பார்ப்பது அவருக்குக் கௌரவக்குறைவு.

விருந்தினர் போனபின் மடிக்கணினியில் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டிக் கரை பளிச். தாம்பூலத் தட்டு பளிச். அதற்குமேல் எல்லா முகமும் கரிக்கட்டை. சம்பந்தி தாணுலிங்கத்துக்கு மீசை எது, வாய் எது என்று தெரியவில்லை.

மருமகள் ஸ்வப்னா கேமராவைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, கல்லாறு போயி வானம் எடுத்தீங்கல்லே? அந்த ஃபில்டராக்கும். கழட்டவே இல்ல."

வானத்தின் கண்கூசும் வெளிச்சத்தை அடக்க மேல்பாதிக்கு மட்டும் கறுப்பேற்றிய கண்ணாடி அது.

"நாளைக்கு சம்பந்தக்காரர் படம் பாக்க வாறாரே. வேணும்ணே மூஞ்சியைக் கறுப்பாக்கினான்னு நினைக்க மாட்டாரா? அப்பன் இல்லாத பிள்ளை காரியம்..." பூதலிங்கம் மடிக்கணினியை மூடப் போனார்.

"சாரமில்ல மாமா, கவலைப்படாதீங்க. ரா ஃபைல் இருக்கு, கேமரா பிடிச்சது அத்தனையும் அதிலே கெடக்கும். நான் ஒண்ணு நோக்கட்டா?"

"பூசி மெழுகுவியோ?"

"இல்லாததை ஒண்ணும் சேர்க்க மாட்டேன். இருட்டுக்குள்ள கெடக்கதை வெளியே எடுப்பேன், அத்தறதான்."

எடிட்டிங் மென்பொருளில் அவள் மேலிருந்து கீழாக ஒரு சாய்வு இழுத்தாள். ஃபில்டர் எங்கே அதிகம் இருட்டியதோ அங்கே அதிகம் வெளிச்சம். ஒவ்வொரு முகமாக வந்தது. திவ்யலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தாள். தம்பி சிரிப்பை அடக்கினாலும் கன்னம் இப்படித்தான் உப்பும். சில படங்களில் மணல் தூவினாற்போல் புள்ளி விழுந்தது. அதை ஸ்வப்னா அப்படியே விட்டாள். பூதலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தாணுலிங்கம் டிவி முன்னால் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்த்தார்.

"கொள்ளாமே அண்ணாச்சி, பிரமாதம்! ஒரு எடிட்டிங்கும் பண்ணாத படமாக்கும், இல்லியா?"

ஸ்வப்னா காப்பியை நீட்டினாள். மாமனாரைக் காட்டிக்கொடுக்கும் பார்வைகூட அவளிடம் இல்லை. அவரும் பேசாமல் இருந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். பூதலிங்கம் எழுந்து நின்றார்.

"படத்தைக் கெடுத்தது நான். ஃபில்டரை மாட்டினபடியே எடுத்துட்டேன், ஒங்க மூஞ்சியெல்லாம் அமாவாசை. நேராக்கினது எம் மருமவ. இந்த வீட்டு மானம் நேத்து அவ கையிலேயாக்கும் இருந்தது."

தாணுலிங்கம் குலுங்கிச் சிரித்தார். "எம் மூஞ்சி எப்பவும் அமாவாசைதானே! அப்பம் கல்யாணத்துக்கும் அவளே எடுக்கட்டு. பொண்ணைக் கைபிடிச்சுக் குடுக்க வேண்டிய ஆளு கேமராவுக்குப் பின்னால நிக்கலாமா?"

பூதலிங்கத்துக்கு அது தோன்றவே இல்லை.

"முன்னால நிப்பீங்களா பெரியப்பா?" என்றாள் திவ்யலட்சுமி.

அவர் கேமராவை எடுத்து, வாரோடு ஸ்வப்னாவின் தோளில் மாட்டிவிட்டார். நன்றி சொல்லிப் பழகிய வாய் அல்ல.

"நல்லா இரு மக்களே" என்றார் அவளிடம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் நிக்கும்போ வேட்டி மடிப்பு சரியா இருக்கான்னு பாத்து எடுக்கணும், கேட்டியா?"