தீவிலிருந்து கையாட்டியவன்

எங்கள் ஊரில் எதிரே வருகிறவன் யாராக இருந்தாலும் கையைத் தூக்கிவிட வேண்டும். தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஏரியைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு இதில் கொள்ளை ஆசை. விடுதிக்காரி மிஸஸ் கிரெமின் அறைச் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள்: "இங்க யாரு கையாட்டினாலும் நீங்களும் ஆட்டிடணும். இல்லன்னா திமிர் பிடிச்சவங்கன்னு நினைச்சுக்குவாங்க."

அந்த விடுதியில் நான் சமையல்காரி. ப்ரீடா பரிமாறுகிறவள். அவள் புருஷன் மோர்ட்டி படகோட்டி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏரிக்குப் போனவன் திரும்பவில்லை. காற்று தள்ளிக்கொண்டு வந்த அவன் படகு மறுநாள் காலை வடக்குக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் அந்தப் பக்கமே போய்க் கொக்கி போட்டுத் துழாவின. ஆளைத் தேட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பிணத்தைத்தான் தேடினார்கள்.

ப்ரீடா வேலைக்கு வந்து நின்றாள். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும், இங்கே ஜன்னலில் ஏரியாவது தெரிகிறது என்றாள்.

"வா, வேணாங்கல," என்றாள் மிஸஸ் கிரெமின். "ஆனா விருந்தாளிங்க காதுல ஒரு வார்த்தை விழக்கூடாது. லீவுக்கு வந்தவங்க வயித்துல புளியைக் கரைக்காத."

"அவ்ளோ படகு எதுக்குன்னு கேட்டா?"

"படகுப் போட்டிக்குப் பழகுறாங்கன்னு சொல்லு."

வறுத்துக்கொண்டிருந்த சட்டியை அவள் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு. கேட்ட விருந்தாளிகளிடமெல்லாம் ப்ரீடா அதையே சொன்னாள். புருஷன் பிணத்தைத் தேடும் படகுகளைக் காட்டி, போட்டி என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஜெர்மன் தம்பதி ஊருக்குக் கிளம்பினார்கள். ப்ரீடா டீ ஊற்றும்போது அந்த அம்மாள் கேமராவை நீட்டினாள். நான் ரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு என்ன மனசு! புதன்கிழமை மலைப்பாதையில போனோம். எதிர்த்தாப்புல குட்டித் தீவுலேர்ந்து ஒருத்தர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார் பாருங்க. உக்காந்த இடத்துலேர்ந்தே, ரெண்டு கையாலயும்! ஏதோ கத்தினார், காத்துல கேக்கல. நாங்களும் ஆட்டினோம். அவர் விடவே இல்ல."

படத்தில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. கோட்டின் கைப்பகுதியில் ப்ரீடா தைத்த கறுப்பு ஒட்டு.

ப்ரீடா டீ கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "இவர் எங்க வீட்டுக்காரர்," என்றாள்.

"அடடே, அப்படியா!" அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. "நாங்க ரொம்ப விசாரிச்சோம்னு சொல்லுங்க."

நான் தட்டைப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன்.

தீவில் மோர்ட்டி ஒரு மரத்தடியில் சுருண்டு கிடந்தான். கால் முறிந்திருந்தது. முந்தின இரவுக் குளிரில்தான் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு நாள் அவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எதிர்க்கரையில் எங்கள் படகுகளும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தோம். மிஸஸ் கிரெமினும் கறுப்பு உடுத்தி வந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. சுற்றுலா பஸ் ஒன்று வழிவிட்டு ஒதுங்கி நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள்.

பழக்கதோஷம், ப்ரீடாவின் கை மேலே போனது. பாதியில் நின்றது. அதை எப்படி இறக்குவது என்றே தெரியாமல் நின்றாள். நான்தான் பிடித்து இறக்கினேன்.