கீழ்ப்பக்கம் பிடிப்பவன்

பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது பாரம் முழுவதும் கீழ்ப்பக்கம் பிடிப்பவன் மேல்தான் வரும். மேல்பக்கம் பிடிப்பவன் வழி சொல்வான், சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்வான், மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். கீழே இருப்பவனோ பின்பக்கமாக, படியைப் பார்க்காமல், காலால் தடவித் தடவி இறங்க வேண்டும். வீடு மாற்றித் தரும் வேலையில் இருபது வருடம் அந்தக் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தவனுக்குத் தூண் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அடையாள அட்டையில்தான் தேட வேண்டும்.

மேல்பக்கம் எப்போதும் மச்சினன், தூணின் மனைவிக்குத் தம்பி. லாரி அவனுடையது, ஆட்களும் அவனுடைய ஆட்கள். மூச்சு வாங்கத் தூண் ஒரு படியில் நின்றால் போதும், மேலேயிருந்து குரல் வந்துவிடும். "வண்டி நிக்குது, நட மாமா." வண்டி என்ன நடக்கவா போகிறது, அது நிற்கத்தான் செய்யும். ஆனால் இருபது வருடத்தில் ஒரு நாளும் தூண் அதைத் திருப்பிச் சொன்னதில்லை.

நான்கு வாரத்துக்கு முன்னால் ஒரு ஈரப் படியில் இடது முட்டி திருகிக்கொண்டது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஒழுங்காக இருந்தால் கத்தி வைக்காமலே ஆறிவிடும் என்றார் டாக்டர். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு பெல்ட் போட்டார்கள். இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, முட்டிக்கு நேராகக் கீல், கீலை மூடி ஒரு பஞ்சு உறை. அதைப் பொருத்திவிட்ட கிளினிக் அம்மா கண்டிப்பானவர்.

"கீலுக்குள்ள நாலு தடுப்பு வெச்சிருக்கேன். முட்டி கொஞ்சம்தான் மடங்கும், அதுக்கு மேல விடாது. அதுதான் உங்களுக்குக் காவல். ஆற ஆற நான்தான் தளர்த்துவேன். நீங்க கை வைக்கக் கூடாது. குளிக்கும்போது மட்டும் கழட்டுங்க, அதுவும் உக்காந்துதான் குளிக்கணும்."

தூண் அந்தப் பேச்சைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டான். ஒரு காலை நேராக நீட்டி, கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, தட்டுகளையும் டம்ளர்களையும் காகிதத்தில் சுற்றினான். தூணை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று கூட வேலை செய்யும் பையன்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். முட்டி ஆறினால் மறுபடி பாரம் தூக்கலாம், ஆறாவிட்டால் வேறு தொழில் தெரியாது. அந்த ஒரு கவலையில் கேலியெல்லாம் எம்மாத்திரம்.

அந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு, அது தூண் போட்டது. கட்டிலோ மேசையோ, எதைக் கழற்றினாலும் அதன் திருகுகளைச் சின்னக் கவரில் போட்டு, எந்தச் சாமானில் கழற்றினோமோ அதிலேயே டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். டேப்பின் மேல் என்ன, எத்தனை என்று எழுத வேண்டும். ஒருமுறை ஒரு குடும்பம் திருகு தொலைந்து மூன்று நாள் தரையில் படுத்ததற்குப் பிறகு வந்த சட்டம். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு எல்லார் கையிலும் அது படிந்துபோயிருந்தது.

அன்று ஐந்தாவது மாடி வீடு, லிஃப்ட் ஓடவில்லை. பலசாலியான ஓர் ஆள் வேறு வரவில்லை. தூணை அழைத்துப் போக மச்சினன் விடிந்ததும் வந்துவிட்டான். தூண் குளித்துக்கொண்டிருந்தான், பெல்ட் கூடத்து நாற்காலியில் கிடந்தது, அவன் அக்கா சமையலறையில் இருந்தாள்.

குளித்துவிட்டு வந்து பெல்ட்டை மாட்டிய தூண் ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். முட்டி மடங்கியது. எங்கேயும் தடுக்காமல் மடங்கியது. அவன் கூடத்தை இரண்டு சுற்று சுற்றினான்.

"ஏய், இங்க பாரு. மடங்குது."

மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள். "அடுத்த வாரம்தானே தளர்த்துவேன்னு சொன்னாங்க?"

"ஆறிப்போச்சு. தானாவே சரியாயிடுச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா," என்றான் மச்சினன். "உன் உடம்பு இரும்பு. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க."

உறைக்கு அடியில் ஏதோ உறுத்தியது. சந்தோஷத்தில் இருந்தவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஐந்தாவது மாடி வீட்டில் பீரோவின் கீழ்ப்பக்கத்தைத் தூணே போய்ப் பிடித்தான். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் முட்டி மடங்கியது, மடங்கிக்கொண்டே போனது, அதை நிறுத்த எதுவும் இல்லை. உள்ளே ஈரத்துணி கிழிவதுபோல ஒன்று கிழிந்தது. பீரோ சுவரில் சாய்ந்து நின்றதால் உயிர் பிழைத்தான். மச்சினன் முதலில் குனிந்து பார்த்தது பீரோவின் கண்ணாடியை.

பையன்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்து, அந்தக் கிளினிக்கின் முதல் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பதினேழு படி, அங்கே லிஃப்ட் என்பதே கிடையாது. சாமான் பாதியில் கிடக்கிறது என்று மச்சினன் அவர்களை உடனே திருப்பி அனுப்பினான். மனைவி அடித்துப் பிடித்து ஓடி வந்தபோது அவன்தான் விவரம் சொன்னான்.

"நான் கூப்பிடவே இல்லக்கா. மாமாவா வந்து பிடிச்சாரு. பெல்ட்டக்கூட ஒழுங்கா இறுக்கிக் கட்டல போல. சின்னப் புள்ளயா, நாம சொல்லிக்கிட்டு இருக்க?"

தூண் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவும் உண்மைதானே என்று நினைத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தப்பு என்மேலதான்," என்று சொன்னான். அதைச் சொல்ல விட்டு அருகில் நின்றான் பாருங்கள், அந்த மச்சினனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டாக்டர் முட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முழுதாகக் கிழிந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும், நடக்கலாம், பாரம் தூக்குவதை மறந்துவிட வேண்டும் என்றார். முட்டியை அசையாமல் கட்டி அனுப்பச் சொன்னார்.

அதே அம்மா வந்தார். பழைய பெல்ட்டைக் கழற்றி, கீலை விரலால் மடக்கினார். அது முழுதாக மடங்கியது. அவர் முகம் மாறியது.

"தடுப்பு எங்க? நாலும் இல்ல போலயே. யாரு கழட்டினது?"

"யாரும் கை வைக்கலம்மா," என்றான் தூண்.

அவர் உறையை உரித்தார். உள்பக்கத்தில் ஒரு சின்னக் கவர், டேப் போட்டு ஒட்டியிருந்தது. கவருக்குள் நான்கு தடுப்புகளும் பத்திரமாக இருந்தன. டேப்பின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: மாமா முட்டி, 4.

மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்து அது.

"இது என்னடா?"

மச்சினன் வாசல் பக்கம் பார்த்தான். "ஒரு நாளைக்குத்தான்க்கா. ஆள் இல்ல. சாயங்காலமே திருப்பி மாட்டிடலாம்னுதான்... ஒளிக்கணும்னு நெனச்சிருந்தா தூக்கிப் போட்டிருக்க மாட்டேனா? பத்திரமாத்தானே ஒட்டி வெச்சேன்."

தூணுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. காலையில் கூடத்தைச் சுற்றி வந்த அந்த இரண்டு சுற்றும் நினைவுக்கு வந்தது. ஆறிவிட்டது என்று மனைவியிடம் பல்லைக் காட்டியதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்தே அருகில் நின்று, இரும்பு உடம்பு என்றானே. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நான் என்னடா, பீரோவா?" என்றான். "கழட்டி ஏத்தி, இறக்கி வெச்சு மறுபடி முடுக்கிக்கலாம்னு நெனச்சியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா கால பாத்து வெச்சிருப்பேனே. ஆறிடுச்சுன்னு நம்ப வெச்சியேடா. இப்ப தப்பு என்மேலன்னு என் வாயாலேயே சொல்ல வெச்சே."

"மாமா, செலவெல்லாம் நான்..."

"வாய மூடுறா," என்றாள் மனைவி.

அந்த அம்மா வேறு பெல்ட்டை எடுத்து வந்து, காலை நேராக நீட்டிப் பூட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை வண்டி கீழே வந்து நின்றது. கிளினிக் ஆள் ஒருவர் நாற்காலியைப் பிடிக்க வந்தார்.

"நீங்க வேணாம்," என்றான் தூண். "கீழ்ப்பக்கம் இவன் பிடிக்கட்டும்."

"மேல நான் பிடிக்கிறேன்," என்றாள் மனைவி. கவரை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பற்றினாள்.

மச்சினன் முன்கால்களைப் பிடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்பக்கமாக, படியைப் பார்க்காமல், காலால் தடவி இறங்கினான். மடங்காத கால் அவன் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது, குதிகால் அவன் தோளில் கிடந்தது. பாரத்தைக் குறைக்கும் வித்தை தூணுக்குத் தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் தாங்கினால் கீழே இருப்பவனுக்கு மூச்சு வரும். தூண் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

ஏழாவது படியில் மச்சினனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒன்பதாவது படியில் அவன் முட்டி இரண்டும் வெடவெடத்தன.

"மாமா, ஒரு நிமிஷம். இறக்கி வெச்சுட்டு..."

தூண் அவன் கண்ணைப் பார்த்தான்.

"வண்டி நிக்குது," என்றான். "நட."