தொட்டியில் கிடந்த நாற்றுகள்

ஆய்வு நிலையத்தின் சிமென்ட் தொட்டியில் இரண்டு நெல் வகைகள் பதினான்கு நாள்கள் நீரில் மூழ்கியிருந்தன. வடக்குப் பக்கத்து ஐம்பது நாற்றுகள் ஆய்வாளருடையவை. தெற்குப் பக்கத்து ஐம்பது அவருடைய நாத்தனாருடையவை. இருவருக்கும் அங்கேதான் வேலை. பிழைக்கும் வகை இப்பருவமே வெள்ளம் புகும் வயல்களுக்குப் போகும். மற்றதன் ஆய்வு நிறுத்தப்படும். ஆய்வாளர் தம் வகைக்கு ஒன்பது ஆண்டுகளைக் கொடுத்திருந்தார்.

நாத்தனாரின் நாற்றுகள் மூச்சுக்காக மேலே மேலே நீண்டன. நுனி வெளியே தெரிந்த ஒவ்வொரு காலையும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிக்காரர், எல்லாம் மூழ்கியே இருக்க வேண்டும் என்ற விதிப்படி நீரை உயர்த்தினார். ஆய்வாளரின் நாற்றுகள் வளரவே இல்லை. சேர்த்துவைத்த சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்தன.

நீரை வடித்த அன்று நெட்டையானவை ஒன்றையொன்று தாங்கிப் பச்சையாக நின்றன. குட்டையானவை சேற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணி, செத்தது எந்திரிச்சு வரும்னு இன்னும் ரெண்டு வாரம் உக்காந்திருக்கப் போறீங்களா?" என்றார் நாத்தனார்.

"எண்ணுறது தண்ணி வடிச்சதுலேருந்து பதினாலாம் நாள். அதுவரைக்கும் எதுவும் சாகல," என்றார் ஆய்வாளர். எண்ணும் நாள்வரை தொட்டிப் பக்கம் போவதில்லை என்பது அவருடைய ஒழுங்கு.

தொட்டியின் பொறுப்பு நாத்தனாரிடம் இருந்தது. அடுத்த ஆய்வுக்கு இடம் வேண்டி, கிடப்பவற்றைப் பிடுங்கி எறியுமாறு தொட்டிக்காரருக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, பயிற்சிக்காக வெளியூர் போனார். தொட்டிக்காரருக்கு அந்த வாரம் முழுவதும் பம்புடன் மல்லுக்கட்டு. ஏழாம் நாள்தான் சீட்டைக் கையில் எடுத்தார். அதற்குள் நெட்டையானவை இருப்பையெல்லாம் தின்று தீர்த்துச் சாய்ந்துவிட்டன. குட்டையானவை புது இலை விட்டு நிமிர்ந்திருந்தன. அவர் கிடந்தவற்றைப் பிடுங்கினார்.

பதினான்காம் நாள் வடக்கில் நாற்பத்து மூன்று உயிரோடிருந்தன. தெற்கில் சேறு இருந்தது.

பயிற்சி முடிந்து வந்த நாத்தனார் தொட்டிக்காரரிடமிருந்து சீட்டை வாங்கிப் படித்தார். கையெழுத்து அவருடையதுதான்.

"அம்பதும் செத்துடுச்சுன்னு எழுதிடுங்க, அண்ணி."

"பிடுங்கினதைச் செத்ததுன்னு எழுத முடியாதும்மா. ஏழாம் நாள் சாஞ்சது பதினாலாம் நாள் எந்திரிச்சிருக்கலாம். என்னோடது எந்திரிச்சுதே."

"உங்களுக்கு ஒரு பருவம் போயிடும்."

"போகும்."

ஆய்வாளர் பதிவேட்டில் 'முடிவு இல்லை' என்று எழுதி, தேதியிட்டார். அன்று மாலையே இருவரும் புது விதையை ஊறவைத்தனர். இம்முறை சீட்டு ஏதேனும் உண்டா என்று தொட்டிக்காரர் கேட்டார். இல்லை என்றார் நாத்தனார்.