சொந்த வீட்டுக்கு வாடகை

தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்து, ஒரு கண்ணை இறுக மூடி, இன்னொரு கண்ணால் போனைத் தேடி எடுத்து, கண்ணாடிக்காரர் வீட்டு ஓனரைக் கூப்பிட்டார்.

“என்ன சார் வீடு வச்சிருக்கீங்க? காலங்காத்தால குழாயைத் தொறந்தா காத்துதான் வருது. மோட்டார் உறுமுது, தண்ணி ஏறல. மாசம் பொறந்தா வாடகை மட்டும் டாண்ணு வாங்கத் தெரியுதுல்ல?”

 மறுமுனையில் ஓர் இருமல்.

“தம்பி, நீங்க என் வீட்டைக் காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சு. சொந்த வீடு வாங்கிட்டுப் போயிட்டீங்க. சாவியைக் குடுக்கறப்ப, ‘இனிமே ஒரு குழாய்க்காக எவன்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்’னு வேற சொல்லிட்டுப் போனீங்க.”

நுரை, திறந்திருந்த அந்த ஒரு கண்ணிலும் இறங்கியது.

“அப்ப இந்த மோட்டாரை யாரு சார் சரி பண்ணுவா?”

“ஓனர்தான் தம்பி,” என்றார் பழைய ஓனர். பதினான்கு வருஷம் இவரிடம் பட்ட பாட்டுக்கு, அந்த இரண்டு வார்த்தையில் அவருக்கு வட்டியும் முதலும் வந்து சேர்ந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் என்பது அவர் தொழிலால் வந்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி அறுத்துத் தேய்த்துப் பொருத்தித் தருபவர். ஊரில் பாதிப் பேருக்குத் தெளிவாகத் தெரிய வைத்தவருக்கு, சொந்த வீடு என்றால் வாடகை மிச்சம் என்பது மட்டும்தான் தெரிந்தது. வீடு கொஞ்சம் பழசு. அதனால் கையிருப்புக்குள் அடங்கியது, கடனும் இல்லை. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே மந்திரம்: “வாடகைதான் மிச்சமாச்சே!” அந்த மந்திரத்தைச் சொல்லித்தான் பெரிய டிவி வந்தது. அதைச் சொல்லித்தான் ஒரு சோபா வந்து வாசலில் சிக்கி, கதவைக் கழற்றி உள்ளே போனது. எட்டு மாத வாடகையை இருபது மாத வாடகையாகச் செலவழித்திருந்தார். புது மோட்டாருக்குக் கையில் காசில்லாமல் மகளின் உண்டியலைத்தான் உடைக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை மனைவி அவரைச் சோபாவில் உட்கார வைத்தாள். அவளுக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை. எவ்வளவு வலியில் வருகிறவரையும் வரிசையில் உட்கார வைத்துவிடுவாள்.

“எங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே வசனம்தாங்க. ‘போன வருஷம் லேசாத்தான் வலிச்சுது.’ லேசா வலிக்கறப்ப வந்து அடைச்சுக்கிட்டா ஒரு நாள் கூலியோட போகும். வேர் வரைக்கும் விட்டா ஒரு மாசச் சம்பளம். வீடும் வாய் மாதிரிதான். மாசாமாசம் எடுத்து வைக்கணும்.”

“வச்சிட்டாப் போச்சு. இனிமே சேமிக்கிறேன்.”

“நீங்க சேமிப்பீங்க, நான் பாப்பேன்! சேமிப்பு உங்க கையில தங்காது. ஆனா ஒண்ணு. பதினாலு வருஷத்துல ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல. சம்பளம் வரலன்னாலும் எங்கயாவது புரட்டிக் கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் சாப்பிடுவீங்க. அஞ்சாந்தேதின்னாலே உங்களுக்கு ஜுரம். அதனால…”

“அதனால?”

“வர்ற மாசத்துலேருந்து நான் ஓனர். நீங்க குடித்தனம். அஞ்சாந்தேதி வாடகை என் கைக்கு வரணும்.”

“சொந்த வீட்டுக்கு வாடகையா? கேட்டா ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும். அடுத்த தடவை மோட்டார் நின்னா உடைக்க வீட்டுல உண்டியல் இல்ல.”

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்தாள். “அப்ப நான் யாரும்மா? ஓனர் வீட்டுப் பொண்ணா, குடித்தனக்காரர் பொண்ணா?”

“உண்டியல் பாக்கி வர்ற வரைக்கும் நீ ஓனர் கட்சி,” என்றாள் அம்மா.

விளையாட்டு என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் ஐந்தாம் தேதி காலையில் கை தானாகப் பர்ஸைத் தேடியது. வாடகையை எண்ணிக் கொடுத்ததும் மனைவி ரசீது எழுதி நீட்டினாள். தன் சம்பளத்திலிருந்து அதில் பாதியையும் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டாள். கிளினிக்கில் பல்செட் அச்சு வைத்திருந்த பழைய பெட்டி அது. யாருடையதோ தெரியாத பிளாஸ்டர் தாடை ஒன்று உள்ளே இன்னும் இருந்தது. திறந்தால் முதலில் அதுதான் இளிக்கும். காவல்காரன் மாதிரி.

வாடகை கொடுக்க ஆரம்பித்ததும் பழைய குணமும் திரும்பிவிட்டது.

“ஓனரம்மா, சமையலறைக் குழாய் சொட்டுது. நேத்தே சொன்னேன்.”

“ஆளு நாளைக்கு வருவாரு. ஹால் சுவத்துல ஆணி அடிச்சது யாரு?”

“காலண்டர் மாட்டத்தாங்க…”

“இனிமே கேக்காம அடிச்சா அட்வான்ஸ்ல பிடிப்பேன்.”

இதற்கெல்லாம் நடுவில் அவர் மனசுக்குள் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் பக்கத்து ஷோரூமில் நிற்பது. பதினான்கு வருஷமாகப் பஸ்ஸில் தொங்கியவரின் கனவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியால் அதன் டேங்கைத் துடைத்துவிட்டு வருவார். ஷோரூம்காரரும் கண்டுகொள்வதில்லை, ஓசியில் சுத்தமாகிறதே. ஓவர்டைம் பார்த்த பணத்தை வீட்டுக்குச் சொல்லாமல் அங்கே முன்பணமாகக் கட்டியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஷோரூம்காரர் சொன்னார்: “அண்ணே, திங்கக்கிழமையிலேருந்து விலை ஏறுது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தைக் கட்டிட்டா வண்டி உங்களுக்கு.”

மிச்சம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு தாடை காவல் காக்கிறது.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி கிளினிக்கில், மகள் தோழி வீட்டில். ‘திருட்டில்லை, கைமாத்து’ என்று பிளாஸ்டர் தாடையிடம் சொல்லிவிட்டு அதைத் தூக்கி வைத்தார். அடியில் நோட்டுக் கட்டு இல்லை. வரிசையாகக் கவர்கள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. மோட்டார். பெயிண்ட். வீட்டு வரி. இருப்பதிலேயே தடித்தது, ‘மாடி’. அதன்மேல் கொத்தனார் சொன்ன தொகையும், ‘மழைக்குள் முடியாது, இன்னும் மூன்று மாத வாடகை சேரணும்’ என்ற குறிப்பும். எல்லாவற்றுக்கும் கீழே, காற்றில் பறந்துவிடும் அளவுக்கு ஒல்லியாக ஒரு கவர். ‘குடித்தனக்காரர் வண்டி.’

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சோபாவில் உட்காரக் கூச்சமாக இருந்ததால் தரையில்.

கொஞ்ச நேரம் கழித்து மாடிக்கு ஏறினார். வீடு வாங்கியதிலிருந்து ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்காத தளம். மகளின் அறைக்கு நேர் மேலே விரிசல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. விரிசல் முழுக்க யாரோ வெள்ளையாக எதையோ அடைத்து, விரலால் நீவிவிட்டிருந்தார்கள். சுரண்டி மோந்து பார்த்தார். கிளினிக்கில் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர், பெட்டியில் இருந்த தாடையின் அதே வெள்ளை. அதுவும் போன மழையில் கரைந்து பாதிக்குப் பாதி போயிருந்தது. மகள் அறைக் கூரையில் வந்த கறையைத் துணி காயப்போட்ட ஈரம் என்று அவரே ஒருநாள் தீர்ப்புச் சொன்னது ஞாபகம் வந்தது. ஓனரிடம் புகார் சொல்லக் குடித்தனக்காரன் இருக்கிறான். ஓனர் யாரிடம் போய்ச் சொல்வாள்?

சாயங்காலம் ஷோரூமுக்குப் போனார். மிச்சத்தைக் கட்ட அல்ல. கட்டியதைத் திரும்ப வாங்க.

“என்னண்ணே, புள்ளைக்கு ஃபீஸ் கட்டணுமா?” என்றார் ஷோரூம்காரர்.

“ஓனர் ரொம்பக் கறார்ப்பா,” என்றார் கண்ணாடிக்காரர். கிளம்பும்போது பழக்க தோஷத்தில் டேங்கை ஒரு தடவை துடைத்துவிட்டும் வந்தார்.

வீட்டில் மனைவி முன்னால் பணத்தை வைத்தார். “மூணு மாச வாடகை. முன்பணம்.”

“ஏது?”

“ஓவர்டைம். மழைக்குள்ள மாடியை முடிச்சிருங்க ஓனரம்மா. எத்தனை தடவை சொல்றது?”

“நீங்க எப்பங்க சொன்னீங்க?”

“இப்பத்தான் சொல்றேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரசீது எழுதினாள். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணியது.

கொத்தனார் திங்கட்கிழமையே வந்தார். பழைய பூச்சைக் கொத்தும்போது, “இது என்ன சரக்குங்க? முப்பது வருஷத் தொழில்ல நான் பாத்ததே இல்ல,” என்று வெள்ளைக் கட்டி ஒன்றை நீட்டினார். “பல்லு,” என்றாள் மனைவி.

பூச்சு இறுகிப் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், மழை அடித்து ஊற்றியது. மூன்று பேரும் மகளின் அறையில் தரையில் வரிசையாகப் படுத்து, சினிமா பார்ப்பது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம். ஒரு சொட்டு இல்லை.

“ஓனரம்மா, ஒரு வேண்டுகோள்,” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஆணி கிடையாது.”

“ஆணி இல்லீங்க. அடுத்த மாசத்துலேருந்து வாடகையைக் கொஞ்சம் ஏத்துங்க.”

மகள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, அப்பாவுக்கு ஜுரமா பாரு!”

“எதுக்கு ஏத்தணும்?” என்றாள் மனைவி, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அந்தக் கடைசிக் கவர் ரொம்ப ஒல்லியா இருக்குங்க. பாவம்.”

 அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“பெட்டியத் தொறந்தீங்களா?”

“கைமாத்துக்குத்தான் போனேன். தாடை விடல.”

அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

“சரி, ஏத்திரலாம்,” என்றாள். “பெட்டியத் தொறந்ததுக்கு அபராதம் தனி. முதல்ல இவளுக்கு ஒரு புது உண்டியல் வாங்கி அதுல போடுங்க.”